பங்காருபேட்டை ரோட்டில் எட்டு மைல்

1

சென்ற வாரம், நான் வேலை செய்யும் தங்கச் சுரங்கத்தின் மைன் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டைப் அடித்த இங்கிலீஷ் கடிதம். என் மகள் சொர்ணம் அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள்.

"அப்பா, உன் பேர துட்டுன்னு எழுதிக்கீறாங்க."

மாசிலாமணி என்ற என் பெயர், நான் இங்கே வந்த முதல் வருஷமே துரைமார் வாயில் பாதியாகக் குறைந்து மணியானது. பிறகு யாரோ ஒரு கிளார்க்கின் பேனாவில் அந்த மணிக்கு, இங்கிலீஷில் துட்டுக்கு உரிய எழுத்துகள் வந்து சேர்ந்தன. திருத்தச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்தேன். மனுவில் உள்ள கையெழுத்தும் பதிவேட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்று மூன்றாவது மனுவுக்குப் பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

கடிதத்தின் விஷயம் இதுதான். வருஷாவருஷம் கிறிஸ்துமஸ் கழிந்ததும் பங்காருபேட்டை ரயிலடியிலிருந்து எங்கள் மைதானம் வரைக்கும் எட்டு மைல் ஓட்டப்பந்தயம் நடக்கும். இந்த வருஷம், முன்பு ஜெயித்தவன் என்ற முறையில், முடிவுக் கோட்டில் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க நான் வர வேண்டுமாம்.

"நீ ஜெயிச்சியா? எப்போ? சொல்லவே இல்ல?" என்றாள் சொர்ணம்.

அவளுக்குப் பதினோரு வயது. நான் ஓடிய காலத்தில் சின்னக் குழந்தை. என் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது ஆச்சு அஞ்சு வருஷம்" என்றேன்.

"உங்க ஊர்லயும் இந்த மாரி ரேஸ் உண்டா?"

உங்க ஊர் என்கிறாள். நம்ம ஊர் என்று அவள் வாயில் வருவதே இல்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் பாதி கன்னடமும் பாதி தெலுங்கும். குடியாத்தம் பக்கத்து நம் ஊர் அவளுக்கு, அப்பனும் ஆத்தாளும் எப்போதோ இறங்கி வந்த ஒரு ரயில் ஸ்டேஷன். அவளைத் திருத்த அன்று எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். கண்ணெதிரே இருந்த ஆள் தெரியாத பனி. சங்கு ஊதியது. இப்போது மைனுக்கு மின்சார விளக்கு வந்துவிட்டது. அந்தப் பனியில் விளக்குகளெல்லாம் சீழ் கட்டிய கண்களைப் போல மஞ்சளாகத் தெரிந்தன.

இதுவரை இந்தப் பத்திரிகைக்கு நான் எழுதி அனுப்பிய குறிப்புகளில் மைசூர்ச் சீமையின் வேடிக்கைகளைத்தான் எழுதிவந்தேன். துரைமார் நாய்க்குத் தொப்பி வைத்ததை எழுதினேன். கன்னடக்காரரிடம் மோர் கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதினேன். ஓட்டத்தைப் பற்றி எழுதியதே இல்லை. இப்போது எழுதுகிறேன். காரணம் கடைசியில் தெரியும்.

2

நம் ஊரில் காரணமில்லாமல் ஓடியவர்களை நான் பார்த்ததில்லை. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டால் ஓடுவார்கள். மருத்துவச்சியைக் கூப்பிட ஓடுவார்கள். சும்மா ஓடினால் பைத்தியம் என்பார்கள்.

இங்கே நான் ஓட ஆரம்பித்ததும் வேலையால்தான். டைம்கீப்பர் ஆபீஸில் நகல் எழுதும் கிளார்க்காகச் சேர்ந்தேன். எந்த ஷிப்டில் யார் இறங்கினார்கள், யார் ஏறினார்கள் என்ற சீட்டுகளை சுரங்கத்துக்குள் இறங்கும் ஒரு ஷாப்டிலிருந்து இன்னொரு ஷாப்டுக்குக் கொண்டுபோக ஆள் போதாதபோது என்னை அனுப்புவார்கள். நடந்தால் துரை கடிகாரத்தைப் பார்ப்பார். ஆகையால் ஓடினேன். சில மாதங்களில் கால்களுக்கு அது பிடித்துப்போயிற்று. லீவு நாளிலும் விடியற்காலையில் எழுந்து பங்காருபேட்டை ரோட்டில் ஓட ஆரம்பித்தேன்.

"யாராச்சும் தொரத்துறாங்களா?" என்று முதல் நாள் ஒரு வண்டிக்காரர் கேட்டார். இல்லை என்றேன். என் பின்னால் ஒரு முறை பார்த்துவிட்டு மாட்டை அதட்டி வேகமாக ஓட்டிக்கொண்டு போனார்.

மார்கழியில் இந்த மேட்டுச்சீமையின் குளிர் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் ஒரு துப்பட்டியோடு போகிற குளிர் அல்ல. முதல் ஒரு மைலுக்குக் காது இரண்டும் அறுந்து விழுவதுபோல் இருக்கும். செம்மண் ரோட்டில் பரல் பரலாகக் கிடக்கும் கல் வெறுங்காலில் குத்துவது தெரியாது. அந்த அளவுக்குப் பாதம் மரத்திருக்கும். வீட்டுக்கு வந்து வெந்நீர் ஊற்றும்போதுதான் வெடிப்புகளெல்லாம் கண் விழிக்கும். இமையில் பனி கோத்துச் சொட்டும். எதிரே வண்டி வருவது கண்ணுக்குத் தெரியாது, மாட்டின் கழுத்துமணிதான் சொல்லும். இரண்டாவது மைலில் உடம்பு சூடு கண்டுவிடும். அதற்குப் பிறகு ஓடுகிறவனுக்குக் கிடைப்பதை என்னால் சரியாக எழுத முடியவில்லை. மூச்சும் காலும் ஒன்றாகிவிடும். அப்போது எனக்கு ஊரும் இல்லை, ஆபீஸும் இல்லை, பதிவேட்டுப் பெயரும் இல்லை.

முதல் வருஷப் பந்தயத்தில் நான் ஜெயித்தேன். ஒரு கம்பளிக் கோட்டு கொடுத்தார்கள். இரண்டாம் வருஷமும் ஜெயித்தேன், இன்னொரு கோட்டு. ஒரு துரை என் கையைக் குலுக்கினார். நம் மனிதர்களில் யாருக்கும் அவர் அப்படிக் கைகொடுத்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

3

முனிரத்தினம் என் தங்கை அஞ்சலையின் புருஷன். நம் ஊர்க்காரர். நான்தான் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி அவர்கள் இருவரையும் இங்கே வரவழைத்தேன். ஆபீஸில் இடம் இல்லை. அவருக்கு எழுத்தும் தெரியாது. ஆகவே கீழே, பாறையில் துளை போடும் வேலையில் சேர்ந்தார். மூன்று வருஷம் அந்தக் கல் தூசியைக் குடித்தார். மூன்றாவது வருஷம் இருமல் நிற்கவில்லை. கீழே உடம்பு வேகும்படியான உஷ்ணம். கூண்டில் ஏறி மேலே வந்தால் மார்கழிக் காற்று. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் கூண்டிலிருந்து இறங்கி நடுங்குவதை நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து தினமும் பார்ப்பேன்.

அந்த வருஷம் பந்தயத்தில் புதிதாக ஒன்று சேர்த்தார்கள். சுரங்கத்துக்குள் வேலை செய்கிறவர்களில் முதலாவதாக வருகிறவருக்கு, பெரிய ஆபீஸில் சீட்டு கொண்டுபோகும் வேலை. அதாவது மேல்வேலை. வெயிலும் வெளிச்சமும் உள்ள வேலை.

அறிவிப்புப் பலகையை நான் வாசித்துக் காட்டியதும் முனிரத்தினம் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"மச்சான், நானும் ஓடறேன்."

"இந்த நெஞ்ச வெச்சிக்கினா?"

"இந்த நெஞ்சுக்கோசரம்தான். இன்னும் ஒரு வருசம் கீழ எறங்கினா நா மேல வர மாட்டேன். உனக்கே தெரியும்."

தெரியும். அதற்கப்புறம் என்னோடு அவரும் விடியற்காலையில் ஓட வந்தார். நான் நினைத்ததைவிட நன்றாகவே ஓடினார். நீண்ட கால்கள். இறக்கத்தில் என்னையே முந்திவிடுவார். மூச்சில்தான் ஒரு விசில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "இன்னா மாப்ள, ரயில் வருதா?" என்பேன். அவரும் சிரிப்பார்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் டாக்டர் எல்லோருடைய நெஞ்சிலும் குழாய் வைத்துப் பார்த்தார். முனிரத்தினத்தின் பெயரை அடித்துவிட்டார். தேறியவர்களின் பட்டியலை நகல் எடுத்து, எண் எழுதிய துணிகளைக் கொடுப்பது என் வேலை. துணிகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. சாவி என்னிடம். பதினேழாம் எண்ணுக்கு உரியவர் தாயார் இறந்த செய்தி வந்து ஊருக்குப் போய்விட்டார்.

அன்று மாலை முனிரத்தினம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. வெறுமனே நின்றார். நான் பெட்டியைத் திறந்து பதினேழாம் எண் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"யார்னா கேட்டா?" என்றார்.

"பனியில எவன் மூஞ்சி எவனுக்குத் தெரியப்போவுது? ஜெயிச்சிட்டு வா, பேர அப்பறம் பாத்துக்கலாம்."

டாக்டர் அவர் பெயரை அடித்துவிட்ட விஷயம் அஞ்சலைக்குத் தெரியாது. பந்தயத்துக்கு முதல் நாள் என்னிடம் வந்தாள். "அண்ணா, அவரு உசுர உட்டு ஓடுவாரு. நீ பக்கத்துலயே ஓடு. உட்டுட்டுப் போயிடாத" என்றாள். சரி என்று சொன்னேன்.

4

காலை முதல் வண்டியில் எங்களைப் பங்காருபேட்டைக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். முப்பது பேருக்கு மேல் இருக்கும். துரை துப்பாக்கியால் மேலே சுட்டார். பனிக்குள் எல்லோரும் கரைந்துபோனோம்.

நானும் முனிரத்தினமும் தோளோடு தோளாக ஓடினோம். முதல் இரண்டு மைல் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், கேட்டுக்கொண்டார். மூன்றாவது மைலில் கீழ்வேலைக்காரர்களில் எங்களுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. வழியில் நின்றிருந்த ஆட்கள் அப்படித்தான் கத்தினார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மேல்வேலை கைக்கு வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

நாலாவது மைல் மேடு. அங்கே பாலகாட் மைனிலிருந்து வந்த ஒரு தெலுங்கு வாலிபன், ஆபீஸ் பியூன், எங்களைத் தாண்டினான். தாண்டும்போது திரும்பி என்னைப் பார்த்தான். இரண்டு வருஷம் ஜெயித்தவன் யார் என்று அவனுக்குத் தெரியும்.

அதே நேரத்தில் முனிரத்தினம் நின்றார். முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு இருமினார். உதடு நீலம் பாரித்திருந்தது. நானும் நின்றேன். அவர் தலையைத் தூக்காமலே கையை ஆட்டினார்.

"நீ போ மச்சான். நா பின்னால வரேன்."

அந்த உதட்டை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. தெலுங்கு வாலிபனின் காலடிச் சத்தம் பனிக்குள் தேய்ந்துகொண்டே போனது. நான் ஓடினேன்.

அவர் போகச் சொன்னார், அதனால் போனேன் என்று பிற்பாடு பல பேரிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. அவர் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். ஆறாவது மைலில் அந்த வாலிபனைப் பிடித்தேன். ஏழாவது மைலில் அவன் மூச்சு என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அந்த இரண்டு மைலில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. முனிரத்தினம் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

நாடாவை நெஞ்சால் அறுத்தேன். கைதட்டினார்கள். யாரோ தோளில் கம்பளியைப் போர்த்தினார்கள். பின்னால் ஒவ்வொருவராகப் பனியிலிருந்து வெளியே வந்தார்கள். அஞ்சலை கூட்டத்தின் முன்வரிசையில் நின்று, வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். கடைசி ஆளும் வந்தாயிற்று.

"எங்கண்ணா அவரு?"

நான் வந்த வழியே திரும்பி ஓடினேன். ஒரு மைல்கூடப் போகவில்லை, எதிரே வைக்கோல் வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரர் தன் கம்பளியை முனிரத்தினத்துக்குப் போர்த்தி, அதற்குமேல் வைக்கோலையும் போட்டு மூடியிருந்தார். தன் உடம்பில் ஒரு துண்டு மட்டும். முனிரத்தினத்துக்கு நினைவு இருந்தது.

"ஜெயிச்சியா?" என்று கேட்டார்.

5

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டார். தான் பெயரை அடித்துவிட்ட ஆள் எப்படி ஓடினான்? இடுப்பில் பதினேழாம் எண் துணி எப்படி வந்தது என்று கேட்டார். மறுநாள் ஆபீஸிலிருந்து ஹெட் கிளார்க் போய் விசாரித்தார். நானும் பின்னால் நின்று வாக்குமூலத்தை எழுதினேன். ஆம், என் கையாலேயே எழுதினேன்.

"துணி எப்படிக் கெடச்சுது?"

முனிரத்தினம் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பெட்டி தொறந்து கெடந்துச்சு சாமி. யாரும் இல்லாத நேரம் பாத்து எடுத்துக்கினேன்."

ஹெட் கிளார்க் என் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாதுங்க."

திருட்டு என்று எழுதினார்கள். வேலை போயிற்று. வேலை போனால் மைன் கொடுத்த லைன் வீடும் போகும். அஞ்சலையை மறுநாளே சட்டி பானையோடு வெளியே நிறுத்தினார்கள். நான் அவளை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. அந்த வண்டிக்காரரே வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து முனிரத்தினத்தையும் ஏற்றிக்கொண்டு, பங்காருபேட்டையில் தன் மாட்டுக் கொட்டகையின் ஒரு பக்கத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்தார்.

நான் மூன்று நாள் ஆபீஸுக்குப் போனேன், வந்தேன். சோறு தின்றேன். சீட்டுகள் எழுதினேன். நாலாம் நாள் காலையில் டைம்கீப்பர் துரையின் மேஜைக்கு முன்னால் நின்று, துணியைக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னது அவருக்கு முதலில் புரியவில்லை. 'கிவ்' என்பதற்குப் பதிலாக 'டேக்' என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நீயும் திருடினாயா என்று கேட்டார். ஹெட் கிளார்க்கை அழைத்து விளங்கவைத்தேன்.

துரை பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஹெட் கிளார்க் மூலம் சொன்னார். ஆர்டர் மேலே போய்க் கையெழுத்தும் ஆகிவிட்டது. நேற்று முன்தினம் சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்கலாம். இனி அதைத் திறக்க முடியாது. உன் வேலையை நீ பார்.

என்னைத் தள்ளுவார்கள் என்று நினைத்துப் போனேன். தள்ளவில்லை. அதுவரை செய்த வேலையைத்தான் இன்றும் செய்கிறேன். மாசி மாதம் முனிரத்தினம் அந்தக் கொட்டகையிலேயே இறந்தார். சாவுக்குப் போனேன். அஞ்சலை என் முகத்தைப் பார்க்கவில்லை. பந்தயத்தில் கிடைத்த மூன்று கோட்டுகளையும் அன்றே யாருக்கோ கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் ஓடவில்லை.

6

போன ஞாயிற்றுக்கிழமை பங்காருபேட்டைக்குப் போனேன். நாடா பிடிக்க வரமுடியாது என்று ஆபீஸுக்கு எழுதியாயிற்று. ஆனால் கடிதம் பையில் இருந்தவரைக்கும் எனக்குத் தூக்கமில்லை.

ரயிலடியில் பிளேக் சோதனை நடந்துகொண்டிருந்தது. உத்தியோகஸ்தர் கன்னடத்தில் கேட்டார், யாரைப் பார்க்கப் போகிறாய்? தங்கையை என்றேன். விலாசம்? கூட்ஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில் கூழ் விற்கிறாள் என்றேன். தங்கை என்கிறாய், விலாசம் தெரியாதா என்று கேட்டுவிட்டு, படிவத்தில் விலாசத்துக்கான கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

பனியில் புகை எழும்பிக்கொண்டிருந்த இடத்தைக் கண்டு போனேன். வண்டிக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கேழ்வரகுக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். முடி நரைத்துவிட்டது. என்னைவிட நாலு வயது சின்னவள்.

கூட்டம் கலையும்வரை நின்றேன். பிறகு, ஐந்து வருஷமாகச் சொல்லிப் பழகியிருந்ததைச் சொன்னேன். உன்னிடம் சரி என்று சொல்லிவிட்டு அவரை நடுவழியில் விட்டு ஓடினேன். நின்றிருந்தால் பிழைத்திருப்பார். அது ஒன்றுதான் என்னைத் தின்கிறது.

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அதையா நெனச்சிக்கினு கீறே இத்தினி நாளா?"

அவள் பானையை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஓடனது தப்புதான். ஆனா ஓடற ஆளுக்குப் புத்தி கால்ல கீது. அவரே சொன்னாரு, நான்தான் போவச் சொன்னேன், மச்சான ஒண்ணும் கேக்காதன்னு. அத நா அப்பவே உட்டுட்டேன். அப்பறம் மூணு நாளு நீ ஓடலியேண்ணா. நாற்காலில உக்காந்துக்கினுதான இருந்தே? சட்டி பானைய தெருவுல வெச்சிக்கினு நா நிக்கறேன். திருடன் பொண்டாட்டின்னு லைன்ல கீற சனமெல்லாம் வேடிக்க பாக்குது. அவரு செத்ததுகூட நெஞ்சாலதான்னு வெச்சிக்கிறேன். திருடனா சாவணுமா?"

"நாலா நாளு போய்ச் சொன்னேன் அஞ்சல."

"யார்கிட்ட? தொரகிட்ட. தொரையா என்ன திருடன் பொண்டாட்டின்னான்?"

அவள் ஒரு கரித்துணியால் பானையின் விளிம்பைத் துடைத்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"நீ ஊர் பேப்பர்ல எழுதறியாமே. குடியாத்தத்துலேர்ந்து வந்த ஒரு ஆளு இங்க உக்காந்து படிச்சிக் காட்டினாரு. தொர வீட்டு நாயி தொப்பி போட்டுக்கினத எழுதிக்கீறே. எல்லாரும் சிரிச்சாங்க."

"ஆமா."

"அவரோட அண்ணன் ஊர்லதான் கீறாரு. திருடினதுக்கு வெரட்டிட்டாங்கன்னு அங்க பேச்சு. தெவசம் கொடுக்கக்கூட என்னக் கூப்புடல. இத எழுது. அவரு எடுக்கல, நீ குடுத்தேன்னு எழுது."

எனக்கு உடனே சொர்ணத்தின் நினைவு வந்தது. நாளைக்கு அவளுக்கு நம் பக்கத்தில்தான் மாப்பிள்ளை தேட வேண்டும். நான் வாய் திறப்பதற்குள் அஞ்சலை அதை என் முகத்தில் படித்துவிட்டாள்.

"உனக்குப் பேரு கீது. அவருக்கும் ஒரு பேரு இருந்துச்சு" என்றாள்.

வண்டிக்காரர்கள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவள் கூழ் ஊற்றப் போய்விட்டாள். எனக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சொர்ணத்தை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அதுக்கப்பறம் அந்த அத்தய எனக்கு ஏன் காட்டவே இல்ல?" என்று மட்டும் கேட்டாள். பிறகு மசிப்புட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

ஆகவே எழுதுகிறேன். பதினேழாம் எண் துணியை முனிரத்தினம் எடுக்கவில்லை. பெட்டி திறந்து கிடக்கவில்லை. பூட்டைத் திறந்து, துணியை எடுத்து, அவர் கையில் கொடுத்தவன் நான், மாசிலாமணி. என்னைக் காப்பாற்ற அவர் தன்னைத் திருடன் என்று சொல்லிக்கொண்டார். அதை என் கையாலேயே எழுதிக்கொண்டு நான் சும்மா இருந்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது, நம் ஊர்க் கிணற்றுக்கு எதிர்வீட்டில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அவருக்குக் காது மந்தம். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கட்டும், உரக்க வாசியுங்கள்.